வில்லியம்சனின் வரைபடம்: வீட்டு மேசையில் உருவான வால்வு ஆம்ப்ளிஃபயரின் வரலாறு

இன்று வீட்டில் தம் கையாலேயே வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுவோரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: வால்வின் ஒலியில் ஓர் இதம் இருக்கிறது. மங்கிய அறையில் செம்மஞ்சளாக ஒளிரும் கண்ணாடிக் குமிழ்களின் அழகும் அந்த விடைக்குள் அடங்கும். விடை பிழையானதன்று. ஆனால் இந்தப் பொழுதுபோக்கை ஒரு தீவிர முயற்சியாக உயர்த்திய தலைமுறை இதைக் கேட்டிருந்தால் திகைத்துப் போயிருக்கும். தன் ஒலி என்று ஒன்று சற்றும் இல்லாத ஆம்ப்ளிஃபயரைத்தான் அவர்கள் வால்வுகளைக் கொண்டு கட்ட முயன்றார்கள். அந்த முயற்சியின் மையத்தில் இருந்தது ஓர் இதழில் வெளிவந்த வரைபடம்.

1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் உயர்தர ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வடிவமைப்பு பற்றி இரு பகுதிகளாக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் டி. டி. என். வில்லியம்சன். எடின்பரோ நகரத்தவர், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெறாமலேயே வெளியேறியவர், போர்க்காலத்தில் மார்க்கோனி-ஆஸ்ரம் வால்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். கட்டுரை வெளியானபோது அவருக்கு வயது 24. அதற்குள் ஃபெர்ராண்டி நிறுவனத்திற்கு மாறியிருந்தார். ஆம்ப்ளிஃபயர் அவருடைய அன்றாட அலுவலாக இருக்கவில்லை.

அந்த ஆண்டில் அந்த வரைபடம் தேவைப்பட்டதற்குக் காரணம் இசைத்தட்டு. போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியை வேறுபடுத்தி அறியும் பயிற்சிக்காக டெக்கா நிறுவனத்தில் ஆர்தர் ஹேடி என்னும் பொறியாளர் மிக உயர்ந்த அதிர்வெண்களையும் தட்டில் பதியும் முறையை உருவாக்கினார். போர் முடியும் தறுவாயில் அதே முறை இசைக்கு வந்தது. அதுவரை தட்டுகளில் இருந்திராத வயலினின் கூர்மையும் ஜாலராவின் சிதறலும் இப்போது பதிவாயின. வீட்டிலிருந்த கருவிகளோ அவற்றைக் கரகரப்பாக மாற்றித் தந்தன. பழைய தட்டில் மேல் அதிர்வெண்களே இல்லாததால் மறைந்திருந்த ஆம்ப்ளிஃபயரின் குறைகளைப் புதிய தட்டு அம்பலப்படுத்திவிட்டது.

வால்வு என்னும் சொல் தமிழுக்கு இங்கிலாந்து வழியாக வந்தது. அமெரிக்கர்கள் அதையே டியூப் என்றனர். நம் ஊரில் அந்தச் சொல் விளக்குக்கும் சைக்கிளுக்கும் போய்விட்டது. நீர்க்குழாயின் வால்வைப் போல மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதால் இப்பெயர். வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் சூடேற்றப்பட்ட கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. எதிரே உயர் மின்னழுத்தத்தில் நிற்கும் ஆனோடு அவற்றை ஈர்க்கிறது. இடையில் இருக்கும் கிரிட் என்னும் கம்பிச் சல்லடைக்குத் தரப்படும் சிறு மின்னழுத்தம் அந்த ஓட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. சிறியது பெரியதை ஆள்வதே பெருக்கம். இந்த ஆட்சி முற்றிலும் நேர்விகிதமாக நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். உள்ளே வந்த அலைக்கும் வெளியே சென்ற அலைக்கும் வடிவில் வேறுபாடு தோன்றுகிறது. அதற்குத் திரிபு என்று பெயர்.

திரிபைக் குறைக்கும் வழி 20 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது, ஆனால் இசைக்காக அன்று. அமெரிக்காவில் தொலைதூரத் தொலைபேசித் தடங்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஆம்ப்ளிஃபயர்களை வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது திரிபைச் சேர்த்தால், கண்டத்தின் மறுகரையில் பேச்சு விளங்காது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஹெரால்டு பிளாக் 1927 ஆகஸ்டில் ஒரு காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்லும்போது விடையைக் கண்டார்; கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை எழுதிக்கொண்டார். வெளியீட்டின் ஒரு பகுதியை எடுத்து, நுழைவாயிலில் எதிர்த்திசையில் திருப்பிச் செலுத்துவது: இதுவே எதிர்ப் பின்னூட்டம். பெருக்கத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டால் திரிபும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே வீணாக்குவதா என்று அன்றைய பொறியாளர்களுக்கு இது விந்தையாகப் பட்டது. காப்புரிமை கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஆக, வில்லியம்சன் பின்னூட்டத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். அவருடைய வால்வுகளும் கடையில் கிடைத்தவையே. முதல் மூன்று கட்டங்களுக்கு எல்63 என்னும் சாதாரண வால்வுகள் நான்கு. இறுதிக் கட்டத்தில் எதிரெதிர் இணையாக இரண்டு கேடி66. இந்த கேடி66இல் நான்கு மின்முனைகள் உண்டு. அவற்றில் இரண்டை ஒன்றாகக் கட்டி, மூன்று முனை வால்வாக மாற்றிப் பயன்படுத்தினார். அதனால் கிடைக்கக்கூடிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போயிற்று. எஞ்சியது 15 வாட். அதன்மேல் 20 டெசிபெல் பின்னூட்டம், அதாவது பெருக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு துறக்கப்பட்டது. இத்தனை துறவுக்குப் பின் அவர் பெற்ற திரிபின் அளவு, முழு ஆற்றலிலும், 0.1 விழுக்காட்டுக்குக் கீழ். வீட்டு வானொலிப் பெட்டியில் பல விழுக்காடு திரிபு இயல்பாகக் கருதப்பட்ட காலம் அது.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிடலாம். மேசையில் அது நடக்கத் தடையாக இருந்தது டிரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆயிரக்கணக்கான ஓம் எதிரில் வேலை செய்யப் பழகியது. ஒலிபெருக்கியோ சில ஓம் மட்டுமே. இரண்டையும் இணைக்க இரும்பு உள்ளகத்தில் செம்புக் கம்பி சுற்றிய வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் தேவை. திரிபின் ஒரு பகுதி அதிலும் பிறக்கிறது என்பதால், அதையும் உள்ளடக்கியே பின்னூட்டத்தை எடுக்க வேண்டும் என்பது வில்லியம்சனின் முடிவு. ஆனால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களிலும் மிக உயர்ந்த அதிர்வெண்களிலும் டிரான்ஸ்ஃபார்மர் அலையைக் காலம் தவறச் செய்கிறது. அந்தத் தவறுதல் அரை அலை அளவுக்குப் போய்விட்டால், எதிர்க்க அனுப்பிய பின்னூட்டம் ஆதரிக்கத் தொடங்கிவிடும். தட்டு சுழலாமலே ஆம்ப்ளிஃபயர் தானாகக் கூவும். சில வேளைகளில் செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் கூவும். அது இன்னும் தீது. காதுக்கு ஒன்றும் தெரியாது, வால்வு மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

எனவே மனிதச் செவி 20 ஹெர்ட்சிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும் என்றாலும், டிரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ 3 ஹெர்ட்சிலிருந்து 60,000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டியிருந்தது. கீழ் எல்லைக்கு நிறைய இரும்பும் நிறைய சுற்றுகளும் வேண்டும். மேல் எல்லைக்கு நேர்மாறு: சுற்றுகள் கூடக் கூட, முதன்மைச் சுருளின் காந்தப்புலத்தில் ஒரு பங்கு துணைச் சுருளைத் தொடாமலே நழுவிவிடும். இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் வழி, சுருள்களைப் பல துண்டுகளாக்கி ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் சுற்றுவது. வில்லியம்சன் முதன்மைச் சுருளைப் பத்துத் துண்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் 440 சுற்றுகள். அவற்றுக்கிடையே துணைச் சுருளின் எட்டுத் துண்டுகள். அடுக்குகளுக்கு இடையே மெல்லிய காப்புத் தாள். இவை அனைத்தையும் கம்பியின் பருமன் உட்பட அவர் கட்டுரையிலேயே தந்துவிட்டார்.

இதை நிறுத்திப் படிக்க வேண்டும். வால்வு நிறுவனத்தில் பயின்ற ஒருவர், தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்திருக்கக்கூடிய பகுதியை, கம்பிச் சுருள் வாங்கி அடுப்பங்கரை மேசையில் சுற்றிப் பார்க்கத் துணியும் எவருக்கும் எண்களாக எழுதிக் கொடுத்தார். வில்லியம்சனின் கட்டுரை அறிவியல் வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்படும் இடங்களிலும் பின்னூட்டத்தின் அளவே முன்னிறுத்தப்படுகிறது. 4,400 சுற்றுகளின் அட்டவணைதான் அதைக் கட்டக்கூடியதாக்கியது.

கட்டியவர்களுக்குக் காலமும் துணைநின்றது. போர் முடிந்ததும் படைகளின் உபரி வானொலிக் கருவிகள் குவியலாக விற்பனைக்கு வந்தன. லண்டனின் லைல் தெருவில் அவற்றைக் கூறுகட்டி விற்கும் கடைகள் இருந்தன. மின்தடை, மின்தேக்கி, வால்வு தாங்கி எல்லாம் மலிவு. போரில் ராடாரிலும் வானொலியிலும் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்களுக்குப் பற்றவைப்புக் கோல் பழக்கமான கருவி. அலுமினியத் தகட்டில் வால்வு தாங்கிகளுக்கு வட்டத் துளை இடுவது, மின்வழங்கி டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் மற்றதைத் தொடாதவாறு இரண்டையும் செங்கோணத்தில் வைப்பது, சூடேற்றும் இழைக்குச் செல்லும் கம்பிகளை ரீங்காரம் வராமல் முறுக்கி மூலையோரமாகக் கொண்டுசெல்வது என்று வேலைகள் நீளும். உள்ளே ஓடுவது 450 வோல்ட். மின்சாரத்தை அணைத்த பின்னும் மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். உயிருள்ள சுற்றைத் தொட்டுச் சோதிக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள் என்னும் பட்டறை விதி, மின்னோட்டம் ஒரு கையில் நுழைந்து இதயம் வழியாக மறு கையில் வெளியேறாதிருக்க ஏற்பட்டது.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. துண்டுகளைக் குறைத்துச் சுற்றிய மலிவு டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தியவர்கள் அதே வரைபடத்தில் கூவும் ஆம்ப்ளிஃபயரைப் பெற்றார்கள். உறுதிநிலைக்கு வில்லியம்சன் விட்டிருந்த இடைவெளி மிகக் குறுகியது. அலையளவி இல்லாத வீட்டு மேசையில் பிழை எங்கே என்று காண வழியுமில்லை. 1949இல் அவர் அதே இதழில் திருத்திய வடிவத்தை வெளியிட்டபோது, உயர் அதிர்வெண்களில் உறுதியைக் கூட்ட ஒரு மின்தடையையும் ஒரு சிறு மின்தேக்கியையும் முதற் கட்டத்தில் சேர்த்திருந்தார். இரண்டு சில்லறைப் பொருள்கள்; அவை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதைக் கட்டியவர்களே அறிவார்கள்.

அமெரிக்காவுக்கு இந்த வரைபடத்தைக் கொண்டுசென்றவர்களில் ஒருவர் வயலின் கலைஞர் என்பது வரலாற்றின் அழகிய தற்செயல். டாஸ்கனினி நடத்திய என்பிசி சிம்பொனி இசைக்குழுவில் வாசித்த டேவிட் சார்சர், மெல்வின் ஸ்ப்ரிங்கிள் என்பவருடன் சேர்ந்து 1949 நவம்பரில் 'ஆடியோ இன்ஜினியரிங்' இதழில் 'இசைக்கலைஞரின் ஆம்ப்ளிஃபயர்' என்ற பெயரில் இதன் அமெரிக்க வடிவத்தை வெளியிட்டார். அங்கே கேடி66க்குப் பதில், இராணுவ உபரியில் மலிந்து கிடந்த 807 என்னும் வால்வு. நாள்தோறும் அரங்கில் உண்மை ஒலியின் நடுவே அமர்ந்திருந்தவர் இந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது, அன்றைய வாசகர்களுக்கு எந்த அளவீட்டையும்விட வலுவான சான்றாக இருந்திருக்கும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1951 நவம்பரில் அதே இதழில் டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கீரோஸும் 'அல்ட்ரா-லீனியர்' என்று பெயரிட்ட முறையை விளக்கினார்கள். வால்வின் நான்காம் முனையை ஆனோடுடன் முழுவதுமாகக் கட்டாமல், டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் நடுவில் ஓரிடத்தில் இணைப்பது. திரிபு குறைவாகவே இருக்கும், இழந்த ஆற்றலில் பெரும்பகுதியும் திரும்பிவிடும். இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் 1937லேயே இதன் சாரத்துக்குக் காப்புரிமை கோரியிருந்தார். ராடார் சோதனை விமானம் விழுந்து 1942இல் மாண்டுபோன அவரால் அதன் பரவலைக் காண முடியவில்லை.

இதற்குப் பின் தொழில் விழித்துக்கொண்டது. ஹீத்கிட் நிறுவனம் வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயரை உதிரிகளின் பெட்டியாக அஞ்சலில் விற்றது. ஹாஃப்லர் 1955இல் டைனகோவைத் தொடங்கி, 1959இல் ஸ்டீரியோ 70ஐ வெளியிட்டார். பக்கத்துக்கு 35 வாட். சிக்கலான பகுதி முன்னரே அச்சுச் சுற்றுப் பலகையில் பொருத்தப்பட்டு வரும். வாங்கியவர் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். நல்ல ஒலி பலருடைய வீட்டுக்குள் புகுந்தது இந்தப் பெட்டிகளால்தான். குறை சொல்ல இடமில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இப்போது மூடிய இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. அதன் துண்டுகள் எத்தனை, சுற்றுகள் எத்தனை என்பதை வாங்குபவர் அறிய வேண்டிய தேவை மறைந்தது. வரைபடம் கற்பித்தது, பெட்டி கற்பிக்காமலேயே வேலையை முடித்துக் கொடுத்தது.

இந்தியாவின் கதை வேறு வழியில் சென்றது. இங்கு வால்வின் பின்னணியில் நிற்பது பெங்களூரு. 1954இல் அங்கு நிறுவப்பட்ட அரசு நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் வானொலி வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. பாதுகாப்புத் தேவையும் இறக்குமதியைக் குறைக்கும் கொள்கையும் அதன் நோக்கங்கள். வீட்டு மேசை ஆர்வலர் அதன் கணக்கில் இருந்ததற்குச் சான்றில்லை. இருந்தும் அங்கு வெளிவந்தவை ஈசிசி83, ஈஎல்84 போன்ற ஐரோப்பிய வகைகள். இங்கிலாந்தின் முல்லார்டு நிறுவனம் வீட்டில் கட்டுவோருக்காக வெளியிட்ட புகழ்பெற்ற '5-10' வரைபடம், அதாவது ஐந்து வால்வுகள், பத்து வாட், இவ்விரண்டு வகைகளையே நடுநாயகமாகக் கொண்டது. வானொலிப் பெட்டிக்கென வந்த உதிரி வால்வு, வரைபடம் தெரிந்தவர் கையில் உயர்தர ஆம்ப்ளிஃபயராகும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று. அந்த பெங்களூரு வால்வுகளை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடி வாங்குகிறார்கள்.

1960களில் டிரான்சிஸ்டர் வந்தது. அதற்கு 450 வோல்ட் வேண்டாம், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். வில்லியம்சன் 4,400 சுற்றுகளால் போராடிய தடையே அகன்றுவிட்டதால் பின்னூட்டத்தை இன்னும் கூட்ட முடிந்தது, திரிபு 0.01 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. வில்லியம்சனின் குறிக்கோளை மட்டும் கொண்டு பார்த்தால், வால்வின் வேலை அங்கேயே முடிந்தது.

முடியவில்லை என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1924 முதல் வெளிவரும் 'முசென் டு ஜிக்கென்' இதழின் வாசகர்கள் வால்வைக் கைவிடவேயில்லை. அங்கிருந்த சுவையை ஜான் ஹிராகா 1977இல் தொடங்கிய 'லோடியோஃபில்' இதழ் வழியாகப் பிரான்சுக்கு அறிமுகப்படுத்தினார். அமெரிக்கத் திரையரங்குகளுக்காக 1930களில் உருவான 300பி போன்ற மூன்று முனை வால்வு ஒன்றே ஒன்று, எதிரிணை இல்லை, பின்னூட்டம் சிறிதும் இல்லை அல்லது மிகச் சிறிது, கிடைப்பது 8 வாட் அளவு. முழு ஆற்றலில் திரிபு சில விழுக்காடு. வில்லியம்சன் எதையெல்லாம் நீக்கினாரோ அதையெல்லாம் இது திரும்ப வரவேற்றது.

இதில் ஒலியியல் நியாயம் ஒன்று உண்டு. ஒற்றை வால்வு சேர்க்கும் திரிபில் மிகுந்திருப்பது இரண்டாம் ஒத்திசை. அடிப்படைச் சுரம் ஸட்ஜமானால் அது மேல் ஸட்ஜம். வீணையின் ஒற்றைத் தந்தியில் மேல் ஸட்ஜம் சற்றுக் கூடினால் காது அதைப் பிழையென்று சொல்லாது. நாதம் செழித்ததென்றே சொல்லும். எதிரெதிர் இணையாக வால்வுகளை அமைக்கும்போது அழிந்துபோவது இந்த இரட்டைப்படை ஒத்திசைதான். ஆனால் பல கருவிகள் சேர்ந்து முழங்கும் இடத்தில் அதே வளைவு, சுரங்களின் கூட்டலும் கழித்தலுமான, எந்தக் கருவியும் வாசிக்காத அதிர்வெண்களைத் தோற்றுவிக்கும். இதம் என்பது தனிக் குரலுக்கு வரமாகவும் பெருங்குழுவுக்குக் கலக்கமாகவும் அமைகிறது. வால்வு ஒலி என்று பொதுவாகப் பேசுவோர் பேசுவது இந்தப் பிந்தைய மரபின் ஒலியையே. வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயரும் வால்வால் ஆனதுதான். அதற்கு அந்த ஒலி கிடையாது.

வில்லியம்சன் நெடுநாள் இந்தத் துறையில் நிற்கவில்லை. பீட்டர் வாக்கருடன் நிலைமின் ஒலிபெருக்கி ஆய்வில் பங்கெடுத்தார். பின்னர் எண்களால் இயக்கப்படும் உலோக வெட்டு இயந்திரங்களுக்குச் சென்று, 1960களில் மோலின்ஸ் நிறுவனத்தில் 'சிஸ்டம் 24' என்னும் தானியங்கி உற்பத்தி முறையை வடிவமைத்தார். 1968இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1992இல் மறைந்தார். கேடி66ஐத் தயாரித்த நிறுவனத்தின் லண்டன் ஆலை 1988லேயே மூடப்பட்டுவிட்டது. அதே பெயரில் வால்வுகள் இன்று சீனாவிலும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்யப்படுகின்றன. வால்வு கிடைத்துவிடுகிறது. 1947இன் ஆம்ப்ளிஃபயரை அப்படியே கட்ட விரும்புகிறவர் இன்றும் நின்று யோசிக்கும் இடம் டிரான்ஸ்ஃபார்மர்தான். சுற்றித் தரும் பட்டறையைக் கண்டுபிடித்துவிட்டால், பத்துத் துண்டுகள், துண்டுக்கு 440 சுற்றுகள் என்று அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு வில்லியம்சனின் அட்டவணையாகவே இருக்கும்.